முகத்துக்கு ஏற்ற பல் எது? அழகுப் பல் சிகிச்சையில் அளவுகள் சொல்வதும் சொல்லாததும்

பெங்களூரு: கிழக்கு பெங்களூருவில் காக்ஸ் டவுன், மாருதி சேவா நகர் ஆகியவற்றை ஒட்டி அமைந்துள்ளது ஜீவனஹள்ளி. தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பழைய கன்டோன்மென்ட் வட்டாரத்தை அடுத்த பகுதி இது. இந்த வட்டாரத்தின் கடைத்தெருக்களில் மருந்துக்கடை, கண்ணாடிக்கடை ஆகியவற்றுக்கு நிகராகப் பல் மருத்துவமனைகளின் பெயர்ப்பலகைகளும் தென்படுகின்றன. சொத்தைப் பல்லைப் பிடுங்குவதற்கும் பல்செட் கட்டுவதற்கும் மட்டும் அங்கே படியேறிய காலம் போய்விட்டது. திருமணத்துக்கு நாள் குறித்தவர்கள், வேலைக்கான நேர்காணலை எதிர்நோக்கியிருப்பவர்கள், கைப்பேசிப் படத்தில் தம் சிரிப்பைப் பார்த்து மனம் குன்றியவர்கள் எனப் பலரும் இன்று மருத்துவரிடம் கேட்பது ஒரே கேள்விதான்: என் முகத்துக்கு எந்த மாதிரிப் பல் பொருந்தும்?

கேள்வி எளியது. விடைக்காகப் பல் மருத்துவத் துறை நூறாண்டுகளுக்கு மேலாகத் தேடி வருகிறது. கிடைத்த விடைகளில் சில நிலைத்தன, சில பொய்த்தன. சிகிச்சை நாற்காலியில் அமரும் முன் இந்த வரலாற்றை ஓரளவு அறிந்துகொள்வது நல்லது. ஏனெனில் இந்தச் சிகிச்சைகளில் சில, ஒருமுறை செய்துவிட்டால் திரும்பப் பெற முடியாதவை.

தமிழில் 'நகை' என்ற சொல் சிரிப்பையும் குறிக்கும், அணிகலனையும் குறிக்கும். தொல்காப்பியம் கூறும் எட்டு மெய்ப்பாடுகளில் முதலாவது நகைதான். சங்கப் புலவர்கள் பற்களை முல்லை அரும்புக்கும் முத்துக்கும் ஒப்பிட்டனர். ஆனால் வெண்மைதான் அழகு என்பது எங்கும் எப்போதும் இருந்த கருத்தன்று. ஜப்பானில் மணமான பெண்கள் பற்களுக்குக் கறுப்புச் சாயம் பூசிக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 1870-ஆம் ஆண்டில் மெய்ஜி அரசு உயர்குடியினரிடையே அதைத் தடை செய்தது. தக்காணத்திலும் வட இந்தியாவிலும் பற்களின் இடைவெளிகளையும் ஈற்றோரத்தையும் கறுப்பாக்கும் 'மிஸ்ஸி' என்ற பொடி பெண்களின் ஒப்பனைப் பொருளாக விளங்கியது. தமிழ்நாட்டில் தெத்துப்பல்லை அழகு என்று சொல்வோர் இன்றும் உண்டு. அதே தெத்துப்பல்லைச் செயற்கையாக ஒட்டிக்கொள்ளும் மோகம் 2010-களின் தொடக்கத்தில் ஜப்பானிய இளம்பெண்களிடையே பரவியது.

தலைகீழ் முகம் என்ற கோட்பாடு

முகத்துக்கும் பல்லுக்கும் இடையே ஓர் இலக்கணம் இருப்பதாக முதலில் வலுவாக வாதிட்டவர்களில் ஒருவர் அமெரிக்கப் பல் மருத்துவர் ஜே. லியோன் வில்லியம்ஸ். மேல்வரிசையின் நடு முன்பல்லைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் அது அந்த நபரின் முக வடிவத்தை ஒத்திருக்கும் என்று 1914-இல் அவர் கூறினார். சதுர முகத்துக்குச் சதுரப் பல், நீள்வட்ட முகத்துக்கு நீள்வட்டப் பல், கீழ்நோக்கிக் குறுகும் முகத்துக்கு அதே வடிவிலான பல் என்பது அவருடைய வகைப்பாடு. செயற்கைப் பற்களைத் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு இது மிகவும் வசதியாக அமைந்தது. பல்செட்டுக்கான பற்கள் இந்த வடிவங்களின்படியே பெட்டிகளில் அடுக்கப்பட்டன.

பின்னர் வந்த ஆய்வாளர்கள் உண்மையான மனிதர்களின் முகங்களையும் பற்களையும் அளந்து பார்த்தபோது, பெரும்பாலோரிடம் இந்தப் பொருத்தம் காணப்படவில்லை. ஆயினும் கோட்பாடு முற்றிலும் மறையவில்லை. உங்கள் முகம் வட்டம், ஆகவே பல்லின் ஓரங்கள் சற்றுச் சதுரமாக இருக்கட்டும் என்ற வகையான அறிவுரைகள் இதன் வழித்தோன்றல்களே. அவற்றை ஒரு வடிவமைப்பாளரின் யோசனையாக எடுத்துக்கொள்ளலாம். அறிவியல் விதியாகக் கருத வேண்டியதில்லை.

அடுத்து வந்தது பொன் விகிதம். நேர் எதிரே நின்று பார்க்கும்போது நடு முன்பல், அதன் பக்கத்துப் பல், கோரைப்பல் ஆகியவற்றின் அகலங்கள் 1.618 என்ற விகிதத்தில் படிப்படியாகக் குறைந்து வந்தால் சிரிப்பு இசைவாக இருக்கும் என்ற கருத்து 1970-களில் பல் மருத்துவ இதழ்களில் இடம்பெற்றது. எண் என்றாலே ஒரு மயக்கம் உண்டு. கிரேக்கக் கோயிலையும் சூரியகாந்திப் பூவையும் காட்டி விளக்கும்போது மயக்கம் இன்னும் கூடுகிறது. இயற்கையான பல்வரிசைகளை அளந்த ஆய்வுகளிலோ, இந்த விகிதம் சிறுபான்மையோரிடம் மட்டுமே தென்பட்டது. அழகான சிரிப்பு உடையவர்கள் என்று மற்றவர்கள் தேர்ந்தெடுத்த முகங்களில்கூட அது கட்டாயமாக இருக்கவில்லை.

அப்படியானால் எந்த அளவுகள்தாம் பயன்படுகின்றன? நடு முன்பல்லின் அகலம் அதன் உயரத்தில் ஏறத்தாழ 75 முதல் 80 விழுக்காடு வரை இருப்பது கண்ணுக்கு இயல்பாகத் தோன்றுகிறது. மேற்பற்களின் நுனிகளை இணைக்கும் வளைவு, சிரிக்கும்போது கீழுதடு காட்டும் வளைவோடு ஒத்துப்போவதும் முக்கியமானது. பல் நுனிகள் தேய்ந்து தட்டையாகிவிட்டால் இந்த இசைவு கெடும், முகம் வயதைக் கூட்டிக் காட்டும். சிரிக்கும்போது ஈறு எவ்வளவு தெரிகிறது, உதட்டு ஓரங்களில் எவ்வளவு இருள் விழுகிறது என்பனவும் கணக்கில் வருகின்றன.

இவை எல்லாவற்றையும்விட ஆறுதல் தருவது, அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோகிச் உள்ளிட்டோர் 1999-இல் வெளியிட்ட ஆய்வு. சிரிப்புப் படங்களில் சிறு சிறு மாற்றங்களைச் செய்து, பல் சீரமைப்பு நிபுணர்கள், பொதுப் பல் மருத்துவர்கள், சாதாரண மக்கள் ஆகிய முத்தரப்பினரிடமும் அவர்கள் காட்டினர். பல்வரிசையின் நடுக்கோடு முகத்தின் நடுக்கோட்டிலிருந்து 4 மி.மீ. விலகியிருந்தபோதுகூடச் சாதாரண மக்கள் அதைக் குறையாகக் காணவில்லை. முன்பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் மட்டும் 2 மி.மீ. அளவிலேயே மூன்று தரப்பினருக்கும் அது தெரிந்துவிட்டது. கண்ணாடி முன் நின்று ஒருவர் மணிக்கணக்கில் வருந்தும் குறையை எதிரில் இருப்பவர் கவனித்திருக்கவே மாட்டார் என்பது பல வேளைகளில் உண்மை.

யாருடைய முகம் அளவுகோல்?

பல் சீரமைப்புத் துறையின் தந்தை எனப்படும் எட்வர்ட் ஆங்கில், முக அழகுக்கு எடுத்துக்காட்டாக முன்வைத்தது அப்பல்லோ பெல்வெடேர் என்ற பழங்காலப் பளிங்குச் சிலையின் பக்கத் தோற்றத்தை. எல்லாப் பற்களையும் காப்பாற்றி வரிசைப்படுத்தினால் முகம் தானாகவே இசைவு பெறும் என்று அவர் உறுதியாக நம்பினார். அவருடைய மாணவரான சார்லஸ் ட்வீட், அவ்வாறு வரிசைப்படுத்தப்பட்ட சிலருக்கு வாய்ப்பகுதி முன்னே துருத்திக்கொண்டிருப்பதைக் கண்டார். அவர்களுக்கு நான்கு சிறு கடைவாய்ப் பற்களை எடுத்துவிட்டு மீண்டும் சிகிச்சை அளித்தார். கிளிப் போடுவதற்கு முன் பல்லைப் பிடுங்க வேண்டுமா என்று இன்றும் பெற்றோர் எழுப்பும் கேள்விக்குப் பின்னால் இந்தப் பழைய விவாதம் இருக்கிறது.

1950-களில் ராபர்ட் ரிக்கெட்ஸ், மூக்கு நுனியையும் முகவாய்க் கட்டையையும் இணைக்கும் ஒரு நேர்கோட்டை வரைந்து, உதடுகள் அதற்கு எவ்வளவு பின்னால் இருக்க வேண்டும் என்று வரையறுத்தார். அவர் அளந்தவர்கள் வெள்ளையர்கள். தென்னிந்திய முகங்களில் உதடுகள் பொதுவாகச் சற்று நிறைந்தும், முன்பற்கள் சற்று முன்சாய்ந்தும் இருப்பது இயல்பு. ஐரோப்பிய அளவுகளை அப்படியே பொருத்தினால் நல்ல தமிழ் முகங்கள் பல 'குறையுள்ள' முகங்களாகிவிடும் என்பதை இந்தியாவில் நடந்த அளவை ஆய்வுகள் காட்டியுள்ளன. இதனால்தான் தேர்ந்த பல் சீரமைப்பு நிபுணர், கணினி தரும் எண்களோடு நின்றுவிடாமல் நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தோர் முகங்களையும் பார்க்கிறார். பற்களை உள்ளே இழுக்கும் சிகிச்சையில் உதடும் கூடவே பின்வாங்கும். மூக்கு எடுப்பாக உள்ளவருக்கு அது மூக்கை மேலும் எடுப்பாக்கிக் காட்டும். பல் மட்டும் தனியாக மாறுவதில்லை என்பதை உணர்த்த இந்த ஓர் எடுத்துக்காட்டே போதும்.

ஈறு அதிகம் தெரியச் சிரிப்பவர்களின் நிலையும் இப்படித்தான். ஒரே தோற்றத்துக்குக் காரணங்கள் பல. ஈறு பல்லின் மேல் அதிகமாக மூடியிருந்தால் அதைச் சற்று வெட்டிச் சீராக்குவது போதும். மேல்தாடை எலும்பே நீண்டு வளர்ந்திருந்தால் ஈறை வெட்டிப் பயனில்லை, தாடை அறுவை சிகிச்சை தேவைப்படலாம். மேலுதடு குட்டையாக இருப்பதும், சிரிக்கையில் அது அளவுக்கு மீறி உயர்வதும் வேறு காரணங்கள். காரணத்தைக் கண்டறியாமல் லேசரைக் கையில் எடுப்பவரிடம் எச்சரிக்கையாக இருப்பது நலம்.

தர்மபுரியிலிருந்தும் கோலாரிலிருந்தும் வரும் பழுப்புக் கறை

அழகுப் பல் மருத்துவம் பணம் படைத்தோரின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் கிழக்கு பெங்களூருவின் ஒரு நடைமுறை உண்மையைக் கவனிக்க வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து குடிபெயர்ந்தவர்களும், கோலார் மாவட்டத்திலிருந்து பங்காருப்பேட்டை வழியாக ரயிலில் நாள்தோறும் வேலைக்கு வந்து செல்பவர்களும் இந்த நகரில் ஏராளம். இந்த மாவட்டங்கள் மூன்றும் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்த பகுதிகள். அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் பலரின் முன்பற்களில் சுண்ணாம்பு போன்ற வெள்ளைத் திட்டுகளோ மஞ்சள், பழுப்புக் கோடுகளோ காணப்படும். இதுவே பல் புளோரோசிஸ்.

இந்தக் கறையின் கதை உலகளவில் சுவையானது. 1901-இல் நேப்பிள்ஸ் துறைமுகத்திலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறிய இத்தாலியர்களின் பற்களில் இத்தகைய கறையைக் கண்டு ஓர் அமெரிக்க மருத்துவர் பதிவு செய்தார். அதே ஆண்டு அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் தொழில் தொடங்கிய பிரெடரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர், ஊர்மக்களின் பழுப்புப் பற்களைக் கண்டு வியந்து முப்பது ஆண்டுகள் அதன் காரணத்தைத் தேடினார். அந்தப் பற்களில் சொத்தை குறைவாக இருந்தது அவரை மேலும் குழப்பியது. 1931-இல் அலுமினிய நிறுவனம் ஒன்றின் வேதியியலாளரான சர்ச்சில், குடிநீரைச் சோதித்து, குற்றவாளி புளோரைடு என்று கண்டறிந்தார். இந்தியாவில் இந்த நோய் 1937-இல் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்திலிருந்து மருத்துவ இதழில் பதிவானது.

பல் எனாமல் உருவாகும் குழந்தைப் பருவத்தில் அளவுக்கு மீறிய புளோரைடு உடலில் சேர்ந்தால், எனாமல் முழுமையாக இறுகாமல் நுண்துளைகளுடன் அமைகிறது. பல் முளைத்த பிறகு உணவு, தேநீர் போன்றவற்றின் நிறம் அந்தத் துளைகளில் படிந்து பழுப்பாகிறது. மேல்வரிசை நடு முன்பற்களைப் பொறுத்தவரை மிக முக்கியமான காலம் ஏறத்தாழ ஒன்றேகால் வயது முதல் இரண்டரை வயது வரை. இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவரின் முன்பற்கள் காட்டுவது, அவர் தத்தித் தத்தி நடந்த நாளில் எந்தக் கிணற்று நீரைக் குடித்தார் என்பதைத்தான். பெங்களூருவில் இருபது ஆண்டுகள் காவிரி நீரைக் குடித்தாலும் அது மாறாது. எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் மாறாது. ஆயினும் பல் விளக்காதவர், புகையிலை போடுபவர் என்ற பழி அவர் மேல் விழுகிறது. பெண் பார்க்கும் இடத்திலும் வேலை கேட்டுச் செல்லும் இடத்திலும் வாயைக் கையால் மறைத்துப் பேசும் பழக்கம் இதனால் வருவது. இவரைப் பார்த்து அழகு ஓர் ஆடம்பரம் என்று சொல்வது நியாயமாகாது.

சிகிச்சையைப் பொறுத்தவரை புளோரோசிஸ் பற்களுக்கு ஒரு படிவரிசை உண்டு. கீழ்ப்படியிலிருந்து தொடங்குவதே முறை. இலேசான வெள்ளைத் திட்டுகளுக்கு வெளுப்பூட்டும் சிகிச்சையே பல நேரங்களில் போதும். முதல் சில நாட்களில் திட்டுகள் முன்பைவிட எடுப்பாகத் தெரியலாம். பின்னர் சுற்றியுள்ள பகுதியும் வெளுத்து வேறுபாடு குறையும். மேற்பரப்பில் உள்ள பழுப்புக் கறைக்கு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் நுண்தூளும் கலந்த பசையால் எனாமலின் மிக மெல்லிய மேலடுக்கைத் தேய்த்தெடுக்கும் முறை 1980-களிலிருந்து பயன்பாட்டில் உள்ளது. இழக்கும் எனாமல் மிகக் குறைவு. நுண்துளைகளுக்குள் நீர்த்தன்மையுள்ள பிசினைச் செலுத்தி நிரப்பும் முறை 2009 வாக்கில் சந்தைக்கு வந்தது. துளைகள் நிரம்பியதும் ஒளி சிதறுவது குறைந்து வெள்ளைத் திட்டு மங்கிவிடுகிறது. இவை போதாதபோது பல்நிறப் பூச்சு, அதற்கு மேல் வெனீர், எனாமல் சிதைந்து குழிவிழுந்த கடுமையான நிலையில் மட்டும் கேப் எனப்படும் முழு உறை.

இங்கே மருத்துவரின் திறமையும் சோதனைக்கு உள்ளாகிறது. புளோரைடு ஏறிய எனாமல் அமிலத்துக்கு எளிதில் இளகுவதில்லை. வழக்கமான நேரம் அமிலம் தடவி ஒட்டினால் பூச்சு விரைவில் பெயர்ந்துவிடும். கூடுதல் நேரமோ மேற்பரப்பைச் சற்று உராய்ந்த பின் ஒட்டுவதோ தேவைப்படும். புளோரோசிஸ் பற்களில் முன்பு வேலை செய்த அனுபவம் உண்டா என்று கேட்பதில் தவறில்லை.

தேய்த்தெடுத்த எனாமல் மீண்டும் வளராது

இன்று அதிகம் விளம்பரமாகும் வெனீர், ஹாலிவுட்டில் பிறந்தது. கலிபோர்னியாவின் பல் மருத்துவர் சார்லஸ் பிங்கஸ், நடிகர்களின் பற்கள் மேல் படப்பிடிப்பு நேரத்துக்கு மட்டும் ஒட்டிக் கழற்றக்கூடிய மெல்லிய ஓடுகளைச் செய்து தந்தார். அவற்றை நிரந்தரமாக ஒட்ட அன்று வழியில்லை. 1955-இல் மைக்கேல் புவோனகோர், எனாமலில் அமிலம் தடவினால் பிசின் உறுதியாகப் பற்றும் என்று கண்டறிந்தார். 1983 வாக்கில் பீங்கானையும் அதே போல அரித்து ஒட்டும் முறை வந்தது. அதன் பிறகுதான் இன்றைய வெனீர் சாத்தியமாயிற்று.

வெனீரின் தடிமன் பொதுவாக 0.3 முதல் 0.7 மி.மீ. வரை. முன்பல்லின் முகப்பில் உள்ள எனாமலே நுனிப்பகுதியில் ஏறத்தாழ 1 மி.மீ. தான். ஈறை நெருங்க நெருங்க அது பாதியாகவும் அதற்குக் குறைவாகவும் மெலிகிறது. எனவே வெனீருக்காகத் தேய்க்கும்போது ஒவ்வொரு பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டரும் கணக்குதான். எனாமலுக்குள்ளேயே நின்றுவிட்டால் ஒட்டு பல்லாண்டு தாங்கும். அதைத் தாண்டி உள்ளடுக்கைத் தொட்டால் ஒட்டின் உறுதி குறையும், பல் கூச்சமும் வரலாம்.

வெனீருக்கும் முழு உறைக்கும் உள்ள வேறுபாட்டை நோயாளிகள் பலர் அறிவதில்லை. எடல்ஹாஃப், சோரன்சன் ஆகியோர் 2002-இல் வெளியிட்ட அளவீட்டின்படி, வெனீருக்காக வெளியே தெரியும் பல் பொருளில் 3 முதல் 30 விழுக்காடு வரை அகற்றப்படுகிறது. முழு உறைக்கு அகற்றப்படுவது 63 முதல் 72 விழுக்காடு. அதாவது பல்லில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும், எஞ்சுவது ஒரு முளைக்குச்சி. சொத்தையாலோ விபத்தாலோ உடைந்த பல்லுக்கு உறை உயிர்காப்பு. நலமான முன்பற்கள் பத்தை வெண்மைக்காக மட்டும் இப்படிச் செதுக்குவது வேறு செயல். பிரிட்டனிலிருந்து துருக்கிக்கு மலிவுச் சிகிச்சைக்காகச் சென்ற இளைஞர்கள் பலர், வெனீர் என்று எண்ணி முழு உறைகளுடன் திரும்பியதை அடுத்து அந்நாட்டுப் பல் மருத்துவர் சங்கம் எச்சரிக்கை விடுத்தது.

வெனீரும் உறையும் என்றென்றைக்கும் நிலைப்பவை அல்ல. பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் நன்றாக உழைப்பவை உண்டு. இருப்பினும் என்றாவது ஒருநாள் மாற்ற வேண்டிவரும். ஒவ்வொரு மாற்றத்திலும் பல் இன்னும் கொஞ்சம் குறையும். 22 வயதில் தொடங்குபவர் வாழ்நாளில் மூன்று நான்கு முறை இதே செலவையும் இழப்பையும் எதிர்கொள்ள நேரலாம். கட்டணம் ஒரு பல்லுக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுவதால், எட்டு பல், பத்து பல் என்று கூடும்போது மொத்தத் தொகை வேகமாக ஏறுகிறது. திருமணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவசரமாக எடுக்க வேண்டிய முடிவன்று இது. வரிசை பிறழ்ந்த பற்களைக் கிளிப் மூலம் ஓராண்டு ஒன்றரை ஆண்டில் நேராக்கினால் பல் பொருள் எதுவும் குறையாது. நேரம் இல்லை என்பதற்காக அதே பற்களை வெனீரால் மறைப்பவர்கள், காலத்தை மிச்சப்படுத்தி எனாமலைச் செலவழிக்கிறார்கள்.

பல்லைத் தொடுவதற்கு முன்பே முடிவைக் காட்டும் வழி இப்போது உண்டு. பல் அச்சின் மேல் மெழுகால் புதிய வடிவத்தைச் செய்து, அதை ஒரு தற்காலிகப் பிசினால் வாயிலேயே ஒட்டிக் காட்டலாம். கணினித் திரையில் வரும் படத்தைவிட இது மேலானது. படம் புன்னகைக்கும், பேசாது. ஒட்டிய மாதிரியுடன் பேசிப் பார்க்கலாம், ஃப, வ ஒலிகளை உச்சரித்துப் பார்க்கலாம், வீட்டாரிடம் காட்டலாம். பல் நீளம் மிகுந்தால் இந்த ஒலிகளில்தான் முதலில் இடறல் தெரியும்.

வெண்மையின் அளவு

பல் நிறத்தை ஒப்பிடப் பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் வீட்டா நிற அட்டையில் 16 நிறங்கள் உள்ளன. செம்பழுப்பு, செம்மஞ்சள், சாம்பல், செஞ்சாம்பல் என நான்கு குடும்பங்கள். தூய வெள்ளை அதில் இல்லை, ஏனெனில் இயற்கைப் பல்லில் அது இல்லை. விளம்பரங்களில் காணும் பளீர் வெண்மை, அந்த அட்டைக்கு வெளியே பின்னர் சேர்க்கப்பட்ட நிறங்களைச் சேர்ந்தது. கண்ணின் வெண்விழியைவிடப் பல் வெளுத்துத் தெரிந்தால் செயற்கையாகத் தோன்றும் என்பது மருத்துவர்களிடையே வழங்கும் நடைமுறைக் கணக்கு. மாநிறத்திலும் கருநிறத்திலும் உள்ள முகங்களில் பல் இயல்பாகவே எடுப்பாகத் தெரிவதால், நம்மவர்களுக்கு ஒன்றிரண்டு படி வெளுப்பே போதுமானது.

பல்லைத் தேய்க்காமல் வெளுப்பூட்டும் முறைகளில் நன்கு சோதிக்கப்பட்டது, இரவில் அணியும் தட்டில் 10 விழுக்காடு கார்பமைடு பெராக்சைடு வைத்துக்கொள்ளும் முறை. 1989 முதல் வழக்கில் உள்ளது. தற்காலிகக் கூச்சம் வரலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதல் 0.1 விழுக்காட்டுக்கு மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள வெளுப்புப் பொருட்களைப் பல் மருத்துவரின் பொறுப்பில் மட்டுமே, அதுவும் 18 வயது நிரம்பியோருக்கு மட்டுமே அனுமதிக்கிறது. எலுமிச்சைச் சாறு, கரித்தூள் என்று காணொளிகளில் வரும் யோசனைகளில் முன்னது எனாமலைக் கரைக்கும், பின்னது அதைத் தேய்க்கும்.

பல் போனால் முகமும் சுருங்கும்

முகத்தோடு பல்லுக்குள்ள உறவு மிகத் தெளிவாகத் தெரிவது இளமையில் அன்று, முதுமையில். உதடுகளையும் கன்னங்களையும் உள்ளிருந்து தாங்குபவை பற்களே. அவை விழுந்ததும் அவற்றைப் பற்றியிருந்த தாடை எலும்பு கரையத் தொடங்குகிறது. மூக்குக்கும் முகவாய்க்கும் இடையிலான உயரம் குறைந்து, உதடு உள்வாங்கி, வாயோரச் சுருக்கங்கள் ஆழமாகின்றன. சரியான உயரத்தில் கட்டிய பல்செட் அல்லது எலும்பில் பொருத்திய இம்பிளான்ட், விலை உயர்ந்த முகப் பூச்சுகளால் முடியாததைச் செய்துவிடுவது இதனால்தான்.

பல் இருப்பவர்களுக்கும் வயது மாற்றத்தைக் கொண்டுவருகிறது. விக், புரூண்டோ ஆகியோர் 1978-இல் வெளியிட்ட அளவீட்டில், உதட்டைத் தளர்வாக வைத்திருக்கும்போது முப்பது வயதுக்கு உட்பட்டோரிடம் மேல் முன்பல் சராசரியாக 3 மி.மீ.க்கும் சற்று மேல் தெரிந்தது. அறுபதைக் கடந்தவர்களிடம் அது ஏறக்குறையச் சுழியாகி, மாறாகக் கீழ்ப்பற்கள் தெரியத் தொடங்கின. அறுபது வயதுத் தாயாருக்கு இருபது வயது மகளின் பல் நீளத்தை வைத்துக் கட்டினால், சிரிக்காதபோதும் பல் வெளியே நிற்கும்.

போகும் முன் அறிய வேண்டியவை

பதிவு பெற்றவர்கள் மட்டுமே நாட்டில் பல் மருத்துவம் செய்யலாம் என்று 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் வகுத்தது. நாடாளுமன்றம் 2023-இல் நிறைவேற்றிய தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்திலும் பதிவு கட்டாயமே. அழகு நிலையங்களில் பல் வெளுப்பு செய்வோரிடம் இந்தப் பதிவு எண்ணைக் கேட்டால் பதில் தெரிந்துவிடும். மருத்துவக் காப்பீட்டைப் பொறுத்தவரை, தோற்றத்துக்காக மட்டும் செய்யும் சிகிச்சைகளை விலக்குவது வழக்கமான விதி. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பின் செய்யும் சீரமைப்புக்கு விதிவிலக்கு உண்டு. தனியார் கட்டணத்தைத் தாங்க இயலாதவர்களுக்கு, பெங்களூரு கோட்டைப் பகுதியில் விக்டோரியா மருத்துவமனையை அடுத்துள்ள அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கல்லூரி மருத்துவமனைகளில் ஆசிரியர்களின் மேற்பார்வையில் மாணவர்கள் சிகிச்சை அளிப்பதால் காத்திருப்பு கூடும், செலவு குறையும்.

பதின்ம வயதினருக்கு வெனீர் வேண்டாம் என்பதே பொதுவான மருத்துவக் கருத்து. பல்லின் உட்கூழ் அந்த வயதில் பெரிதாக இருக்கும், ஈறும் இன்னும் தன் இறுதி நிலைக்கு வந்திராது. எத்தனை முறை திருத்தினாலும் நிறைவடையாமல் மருத்துவர் மாற்றி மருத்துவர் தேடுபவருக்குத் தேவைப்படுவது பல் சிகிச்சையாக இல்லாமலும் இருக்கலாம். தன் உருவம் பற்றிய ஓயாத கவலை ஒரு மனநலச் சிக்கல் என்று மருத்துவம் அங்கீகரித்திருக்கிறது. அதைக் கண்டுகொண்டு சிகிச்சையை மறுக்கும் பல் மருத்துவர் நல்லவர்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஜப்பானியக் கடனுதவியுடன் காவிரி நீரைக் கொண்டுசெல்லும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் தணிப்புத் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளுக்கு இப்போது நிலையான முன்பற்கள் முளைத்துவிட்டன. கைக்குழந்தையுடன் ஊருக்குச் சென்று மாதக்கணக்கில் தங்கும் குடும்பங்கள், அங்கே குடிப்பது குழாய் நீரா, ஆழ்துளைக் கிணற்று நீரா என்று விசாரித்துக்கொள்ளலாம். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் புளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீராதாரமே இல்லாத நிலையில் 1.5 வரை ஏற்கலாம். சாதாரணமாகக் கொதிக்க வைப்பதால் புளோரைடு நீங்காது, நீர் வற்றுவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பற்பசை ஓர் அரிசி மணி அளவு, ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு போதும். துப்பக் கற்றுக்கொள்ளும் வரை பெரியவர் ஒருவர் அருகில் நிற்க வேண்டும்.